பிபிசி அழித்த நாடகங்களும் அவற்றைத் தேடி அலைகிறவர்களும்

1953 கோடையில் பிபிசி ‘தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ என்று ஆறு வாரத் தொடர் ஒன்றை ஒளிபரப்பியது. எழுதியவர் நைஜல் நீல், இயக்கியவர் ரூடால்ஃப் கார்ட்டியர். வடக்கு லண்டனில் மேட்டின் மேல் நிற்கும் அலெக்சாண்ட்ரா பேலஸ் ஸ்டூடியோவிலிருந்து வாராவாரம் சனிக்கிழமை இரவு நேரடியாக நடித்துக் காட்டினார்கள். அதைப் பதிவு செய்ய அன்றைக்கு இருந்த வழி ஒன்றுதான்: ஒரு டிவி திரைக்கு முன்னால் ஃபிலிம் கேமராவை வைத்து, திரையில் ஓடுவதை அப்படியே படம்பிடிப்பது. டெலிரெக்கார்டிங் என்று பெயர். முதல் இரண்டு எபிசோடுகளை அப்படி எடுத்தார்கள். இரண்டாவது எபிசோடு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பூச்சி பறந்து வந்து அந்தத் திரையின் மேல் உட்கார்ந்துவிட்டது. நடிகர்கள் விண்வெளியிலிருந்து திரும்பிய மனிதனைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொண்டிருக்க, படத்தின் மேல் அந்தப் பூச்சி ஊர்ந்து போவதை இன்றைக்கும் பார்க்கலாம். பதிவின் தரம் சரியில்லை என்று மூன்றாவது வாரத்திலிருந்து பதிவையே நிறுத்திவிட்டார்கள். ஆக, பிரிட்டனில் தெருவே காலியாகும் அளவுக்கு ஜனங்கள் உட்கார்ந்து பார்த்த அந்தத் தொடரின் கடைசி நான்கு எபிசோடுகள் எங்கேயும் கிடையாது, இனிக் கிடைக்கவும் கிடைக்காது, ஏனென்றால் அவை பதிவே ஆகவில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘தொலைந்து போன எபிசோடுகள்’ என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு விஷயங்கள் கலந்துபோகின்றன. ஒன்று, காற்றோடு போனவை. 1930 ஜூலையில், டிவி முன்னோடி ஜான் பேர்டின் கம்பெனி ஸ்டூடியோவிலிருந்து போன ‘தி மேன் வித் தி ஃபிளவர் இன் ஹிஸ் மவுத்’ தான் பிரிட்டனின் முதல் டிவி நாடகம். அதில் தொடங்கி, போருக்கு முன்னால் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து போன நாடகங்கள் எல்லாமே இந்த வகை. இரண்டாவது, பதிவாகி, அலமாரியில் இருந்து, பிறகு யாரோ ஒருவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அழித்தவை. தேடுகிறவர்கள் தேடுவது இந்த இரண்டாவது வகையை.

முதல் வகையிலேயே அபூர்வமான விதிவிலக்கு ஒன்று உண்டு. 1954 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, பீட்டர் குஷிங் நடிக்க அதே கார்ட்டியரும் நீலும் சேர்ந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை நாடகமாக்கிப் போட்டார்கள். பார்லிமென்ட் வரைக்கும் பேச்சான நாடகம். அந்தக் கால வழக்கப்படி ஞாயிறு நாடகத்தை வியாழக்கிழமை மறுபடி ‘ரிப்பீட்’ செய்வார்கள். ரிப்பீட் என்றால் பதிவைப் போடுவது இல்லை. அத்தனை நடிகர்களும் திரும்ப வந்து முழு நாடகத்தையும் மறுபடி நடிப்பது. அந்த வியாழக்கிழமை நடிப்பைத்தான் பதிவு செய்தார்கள். நாம் இன்று பார்ப்பது அதைத்தான்.

நேரடி நாடகம் என்றால் எப்படிப்பட்ட வேலை என்பதற்கு இன்னொரு சம்பவம். 1958 நவம்பர் 30 அன்று, பிபிசிக்குப் போட்டியான தனியார் ஒளிபரப்பு ஐடிவியின் ‘ஆர்ம்சேர் தியேட்டர்’ வரிசையில் ‘அண்டர்கிரவுண்ட்’ என்று ஒரு நாடகம். அணுகுண்டு விழுந்த பிறகு லண்டனின் சுரங்க ரயில் பாதைக்குள் பிழைத்திருப்பவர்களின் கதை. ஒளிபரப்பின் நடுவில், ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில், கேரத் ஜோன்ஸ் என்ற நடிகர் மாரடைப்பில் இறந்துபோனார். மற்ற நடிகர்கள் அவர் வசனங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, இல்லாத ஆளைச் சுற்றி வளைத்துப் பேசி, நாடகத்தை முடித்துக் கொடுத்தார்கள். இயக்கியவர் டெட் கோச்செஃப். தயாரிப்பாளர் சிட்னி நியூமன். இவர்தான் பிறகு பிபிசிக்குப் போய் ‘டாக்டர் ஹூ’ என்ற விஞ்ஞானக் கதைத் தொடருக்கும் ‘வெட்னஸ்டே ப்ளே’ என்ற புதன்கிழமை நாடக வரிசைக்கும் விதை போட்டவர். அந்த இரவின் பதிவு எதுவும் இல்லை.

சரி, வீடியோ டேப் வந்த பிறகாவது நிலைமை மாறியதா? மோசமானது என்றுதான் சொல்ல வேண்டும். 50-களின் கடைசியில் வந்த டேப் இரண்டு அங்குல அகலம், தூக்கவே கனமான சுருள், விலையும் கடுமையானது. அதன் பெரிய பெருமையே திரும்பத் திரும்ப அழித்து எழுதலாம் என்பதுதான். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது சேமிப்புப் பெட்டகமாகத் தெரியவில்லை, கரும்பலகையாகத்தான் தெரிந்தது. அதோடு நடிகர் சங்கமான ஈக்விட்டியின் ஒப்பந்தம்: ஒரு நாடகத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள்தான் மறு ஒளிபரப்பு செய்யலாம், அதற்கும் தனியாகப் பணம் தர வேண்டும். பழைய பதிவையே போட்டுக்கொண்டிருந்தால் புது வேலை கிடைக்காதே என்ற நியாயமான பயம் அவர்களுக்கு. ஆக அந்தக் காலக்கெடு தாண்டிய டேப்பால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. 1967-ல் பிபிசி-2-க்கும் 1969 நவம்பரில் பிபிசி-1-க்கும் ஐடிவிக்கும் கலர் வந்தது; கறுப்பு வெள்ளையை இனி யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியும் வந்தது. டிவி படத்தை 405 கோடுகளால் காட்டும் முறை போய் 625 கோடுகளால் காட்டும் முறை வந்ததில் பழைய டேப்புகள் தொழில்நுட்பரீதியாகவும் காலாவதியாகின. வீட்டில் வீடியோ வாங்கி வைத்துக்கொண்டு ஜனங்கள் பழைய நாடகத்தைக் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்று அன்று ஒருத்தரும் நினைக்கவில்லை.

இதில் என்னை இன்னும் வருத்துவது, வில்லன் என்று கைகாட்ட ஒருத்தர் கிடையாது என்பதுதான். பிபிசியில் டேப்பை வைத்திருந்தது பொறியியல் பிரிவு. வெளிநாட்டுக்கு விற்பதற்காக டேப்பிலிருந்து 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் பிரதி எடுத்து வைத்திருந்தது பிபிசி என்டர்பிரைசஸ் என்ற வியாபாரப் பிரிவு. ஃபிலிம் லைப்ரரி என்று ஒன்று தனியாக இருந்தது. அங்கே ஃபிலிமில் எடுத்த நிகழ்ச்சிகளை வைப்பார்கள், டேப்பில் எடுத்தது அவர்கள் பொறுப்பில்லை. பொறியியல் பிரிவு டேப்பை அழிக்கும்போது, ‘என்டர்பிரைசஸில் ஃபிலிம் பிரதி இருக்கிறதே’ என்ற நிம்மதி. என்டர்பிரைசஸ் தன் பிரதியைத் தூக்கிப் போடும்போது, ‘மூலப் பிரதி லைப்ரரியில் இருக்குமே’ என்ற நிம்மதி. மூன்று அறைகளில் இருந்தவர்களும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். எதையும் பாதுகாக்க வேண்டும் என்று சட்டமோ சாசனமோ அப்போது சொல்லவில்லை.

1978-ல்தான் இது நின்றது. அந்த ஆண்டு சூ மால்டன் என்பவரை பிபிசி தன் முதல் டிவி ஆவணத் தேர்வாளராக நியமித்தது. அழிப்பு எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள ஒரு தொடரை எடுத்துத் தடம் பிடிப்போம் என்று அவர் தேர்ந்தெடுத்தது ‘டாக்டர் ஹூ’வை. கிட்டத்தட்ட அதே சமயம் இயன் லெவின் என்ற ரசிகர், இசைத்தட்டுத் தொழிலில் இருந்தவர், பழைய எபிசோடுகளைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று விசாரித்துக்கொண்டு என்டர்பிரைசஸுக்குப் போயிருக்கிறார். அந்தத் தொடரின் வில்லன்களான டாலெக்குகள் முதன்முதலில் வந்த 1963-64 கதையின் ஃபிலிம் பெட்டிகள் அங்கே கட்டிப்போட்டு, அழிக்கத் தயாராக இருந்திருக்கின்றன. அவர் கூச்சல் போட்டதில் அது தப்பித்தது. கொஞ்ச நாள் கழித்துப் போயிருந்தால் அந்தக் கதையும் இன்று தொலைந்தவற்றின் பட்டியலில்தான் இருந்திருக்கும்.

1963 நவம்பர் 23-ல் தொடங்கி 1969 வரை கறுப்பு வெள்ளையில் வந்த டாக்டர் ஹூ எபிசோடுகள் 253. 2013-ல் வந்த பெரிய கண்டுபிடிப்புக்குப் பிறகும் இல்லாமல் இருந்தவை 97. இந்த எண்ணைப் பார்த்து அதிர்ச்சியாகிறவர்களுக்கு நான் சொல்வது: இதுதான் நன்றாகப் பிழைத்த தொடர். ‘டிக்சன் ஆஃப் டாக் கிரீன்’ என்ற போலீஸ் தொடர் 1955 முதல் 1976 வரை நானூறுக்கும் மேற்பட்ட எபிசோடுகள் ஓடியது. அதில் பத்தில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. இன்னொரு போலீஸ் தொடரான ‘இசட் கார்ஸ்’ஸில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. ‘தி அவெஞ்சர்ஸ்’ என்ற பிரிட்டிஷ் உளவுத் தொடரின் 1961 முதல் சீசனில் இருபத்தாறு எபிசோடுகள்; முழுசாகக் கிடைப்பவை மூன்று, அப்புறம் முதல் எபிசோடின் ஆரம்பப் பகுதி மட்டும். அந்த மூன்றில் ஒன்றான ‘டனல் ஆஃப் ஃபியர்’ 2016-ல்தான் ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து வெளியே வந்தது.

டாக்டர் ஹூ பிழைத்ததற்கு முதல் காரணம் அது நன்றாக விற்றது. என்டர்பிரைசஸ் 16 மில்லிமீட்டர் பிரிண்டுகளை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங், சிங்கப்பூர், சைப்ரஸ், நைஜீரியா என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒரே பிரிண்ட் ஒரு நிலையத்தில் ஓடி முடிந்ததும் அடுத்த நாட்டுக்குப் போகும். நம் ஊர் டூரிங் டாக்கீஸுக்குப் படப்பெட்டி போன மாதிரிதான். உரிமைக்காலம் முடிந்ததும் லண்டனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட்டு, அழித்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் டிவி வந்ததே 1963-ல்தான்; அங்கே 60-களில் வளர்ந்த தமிழர்களில் சிலர், இன்று உலகத்தில் யாராலும் பார்க்க முடியாத எபிசோடுகளை வீட்டில் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு மாதிரி பொறாமையாகவே இருக்கிறது.

தேடுகிறவர்களின் வேலையில் பெரும்பகுதி காகிதத்தில்தான் நடக்கிறது. எந்தக் கதை எந்த நாட்டுக்கு எப்போது போனது, அடுத்து எங்கே அனுப்பச் சொன்னார்கள், யாரிடமிருந்து அழிப்புச் சான்று வந்தது, யாரிடமிருந்து வரவில்லை. இப்படிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் எங்காவது ஒரு கண்ணி அறுந்திருக்கும். பிரிண்ட் வந்து சேர்ந்ததாகப் பதிவு இருக்கும், போனதாக இருக்காது. அங்கேதான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். 1984-ல் சைப்ரஸிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் சில எபிசோடுகள் திரும்பின. 1991 கடைசியில் ஹாங்காங் டிவி நிலையத்திலிருந்து ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ கதையின் நான்கு எபிசோடுகளும் மொத்தமாக வந்தன. ஒரு கதை முழுவதுமாகத் திரும்பி வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தேடலைப் பின்தொடர்கிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

அப்புறம் 2013. பிலிப் மோரிஸ் என்ற தேடுநர் ஆப்பிரிக்க நாடுகளின் டிவி நிலையங்களுக்கு நேரிலேயே போய்க் கிடங்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர். நைஜீரியாவில் ஜோஸ் நகரத்தின் ஒரு ரிலே நிலையத்தில், சரக்கு அறையில் தூசி படிந்து கிடந்த டப்பாக்கள். மேலே ஒட்டியிருந்த நாடாவின் தூசியைத் துடைத்தால் ‘டாக்டர் ஹூ’ என்று எழுதியிருக்கிறது, அதோடு கதையின் குறியீட்டு எழுத்து. அந்தக் குறியீட்டைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பதினோரு எபிசோடுகள், அதில் ஒன்பது உலகில் வேறெங்கும் இல்லாதவை. அந்த ஆண்டு அக்டோபரில் அறிவித்தார்கள். ‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்’ ஆறும் முழுசாகிவிட்டது. ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ ஆறில் ஐந்து. மூன்றாவது மட்டும் இல்லை. பின்னால் அந்தத் தொடரில் பல வருடங்கள் வந்துபோன லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் என்ற ராணுவ அதிகாரி அறிமுகமாகும் எபிசோடு எதுவோ, அதுவேதான் இல்லை.

அந்த மூன்றாவது எபிசோடை நான் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்தத் தேடலின் மேல் இவ்வளவு பிடிப்பு வந்தது அங்கேதான். படம் இல்லை, ஒலி இருக்கிறது, அசையாத புகைப்படங்கள் இருக்கின்றன. புகைப்படங்கள் ஜான் கியூரா என்ற மனிதரின் வேலை. 1940-களின் கடைசியிலிருந்து அவர் வீட்டில் டிவி முன்னால் கேமராவை வைத்து, நாடகம் ஓடும்போது நேரம் பார்த்து எபிசோடுக்கு அறுபது எழுபது படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுவந்தார். டெலிஸ்னாப் என்று பெயர். தாங்கள் செய்த வேலையைத் தாங்களே பார்க்க வழியில்லாதவர்களுக்கு அதுதான் அத்தாட்சி; அடுத்த வாய்ப்புக் கேட்கப் போகும்போது காட்டலாம். 1969-ல் இறந்துவிட்டார். ரெடிங் பக்கத்தில் கேவர்ஷம் என்ற இடத்தில் பிபிசியின் எழுத்து ஆவணக் காப்பகம் இருந்தது. அங்கே கோப்புகளுக்குள் இருந்த அந்தப் படங்கள் 1993-ல் வெளிச்சத்துக்கு வந்தன. ஒலிக்கு வேறு ஆட்கள். டிவி ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைப் பிடித்தோ, உள்ளே ஒயரைக் கொடுத்தோ, டேப் ரெக்கார்டரில் வாராவாரம் பதிந்துவைத்த பள்ளிப் பையன்கள். இவர்கள் ஒருத்தரை ஒருத்தர் அறியாமல் செய்த வேலையால் இல்லாமல் போன டாக்டர் ஹூ எபிசோடுகள் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது. ஒன்றுகூட விடுபடவில்லை.

ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைப் பார்ப்பதில் கஷ்டமே இருக்காது. படம் நின்றுகொண்டிருக்கும், குரல் ஓடும், காலடிச் சத்தம் சுரங்கத்தில் எதிரொலிக்கும், அடுத்த படத்தில் யாரோ திரும்பியிருப்பார்கள், நடுவில் நடந்ததை நாமே நிரப்பிக்கொள்வோம். பிறகு இதையே அனிமேஷனாகவும் செய்தார்கள். 2006-ல் ‘தி இன்வேஷன்’ கதையின் இரண்டு எபிசோடுகளில் ஆரம்பித்தது அந்த வழக்கம். எனக்கு அனிமேஷனை விட அசையாத படங்கள்தான் பிடித்திருக்கிறது. அவை அந்த இரவில் அந்தத் திரையில் உண்மையாக இருந்தவை.

ஆஸ்திரேலியாவிலிருந்து கிடைத்ததைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே தணிக்கைக்காரர்கள் குழந்தைகள் பயப்படுவார்கள் என்று சில காட்சிகளை வெட்டி எடுத்தார்கள். வெட்டிய துண்டுகளைக் காகிதங்களோடு சேர்த்துப் பத்திரமாக வைத்தார்கள். எபிசோடுகள் போய்விட்டன, துண்டுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1996-ல் அந்த ஊர் ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். ‘ஃப்யூரி ஃப்ரம் தி டீப்’ என்று 1968-ல் வந்த கதை, ஆறு எபிசோடுகளும் இல்லை. ஆனால் அதில் ஒரு காட்சி இருக்கிறது: சீருடை போட்ட இரண்டு ஆட்கள், ஒருவர் குண்டு, ஒருவர் நெட்டை, ஒரு பெண்ணின் படுக்கையறை வாசலில் வந்து நின்று மெதுவாக வாயைத் திறக்கிறார்கள். வாய் பெரிதாகிக்கொண்டே போகிறது, உள்ளே கறுப்பு, புஸ்ஸென்று நச்சுக்காற்று வருகிறது, அந்தப் பெண் மூச்சுத் திணறிச் சாய்கிறாள். ஒரு நிமிடம்கூட இருக்காது. மொத்தக் கதையிலும் ஜனங்கள் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்த காட்சிகளில் ஒன்று அது. இன்று அசைந்து ஓடும் படமாக எவரும் பார்க்க முடிகிற சொற்பமும் அதைப் போன்றவைதான்.

இதுவரைக்கும் நான் சொன்னதில் பாதிக்கு மேல் டாக்டர் ஹூ. தேடல் உலகமே அப்படித்தான் இருக்கிறது, இதில்தான் எனக்கு ஆதங்கம். அந்தத் தொடருக்கு ரசிகர் மன்றங்கள் உண்டு, பட்டியல்கள் உண்டு, பணம் கொடுக்க ஆள் உண்டு. ஒரே ஒரு இரவு வந்துபோன ஒற்றை நாடகத்துக்கு யார் இருக்கிறார்கள்? டென்னிஸ் பாட்டர் பின்னாளில் பிரிட்டிஷ் டிவி நாடகத்தின் பெரிய பெயர். 1965-ல் ‘வெட்னஸ்டே ப்ளே’யில் ஒளிபரப்பான அவரது முதல் நாடகம் ‘தி கான்ஃபிடன்ஸ் கோர்ஸ்’ கிடையாது. பாட்டர் என்பதால் அதைப் பற்றிப் பேசவாவது செய்கிறோம். அதே வரிசையில், அதே ஐடிவி நாடக வரிசைகளில், ஒரே ஒரு நாடகம் எழுதி ஓய்ந்துபோன எழுத்தாளர்களின் வேலை எத்தனை போனது என்பதைப் பார்க்க வேண்டுமானால் பழைய நிகழ்ச்சி நிரலில் பெயரை மட்டும் வாசிக்கலாம்.

பாப் டிலன் இருந்ததால் ஒரு ஒற்றை நாடகத்துக்கு மட்டும் பெரிய தேடல் நடந்தது. ‘மேட்ஹவுஸ் ஆன் காசில் ஸ்ட்ரீட்’. இயக்குநர் பிலிப் சாவில் நியூயார்க்கில் டிலன் பாடுவதைக் கேட்டுவிட்டு, இருபத்தோரு வயது, ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத பையன், அவரை 1962 டிசம்பரில் லண்டனுக்கு வரவழைத்தார். முக்கிய வேடமே அவருக்குத்தான். ஒத்திகையில் பார்த்தால் வசனம் சொல்ல வரவில்லை. பாத்திரத்தை இரண்டாகப் பிரித்து, பேசுவதை டேவிட் வார்னருக்குக் கொடுத்துவிட்டு, டிலனைக் கிதாரோடு பாடவிட்டார்கள். 1963 ஜனவரி 13 அன்று ஒளிபரப்பான அந்த நாடகத்தில் ‘ப்ளோயிங் இன் தி விண்ட்’ பாடினார். அந்தப் பாட்டு அப்போது இசைத்தட்டாக இங்கிலாந்துக்கு வந்திருக்கவில்லை. 1968-ல் பதிவை அழித்துவிட்டார்கள். 2005-ல் பிபிசியே தேடிப் பார்த்தது. வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்தவர்களிடமிருந்து பாட்டுகளின் ஒலி கிடைத்தது, படம் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் டிலனைப் பற்றி ஆயிரம் பேர் எழுதினார்கள். நாடகத்தை எழுதிய எவன் ஜோன்ஸின் கதை என்ன, வார்னர் எப்படி நடித்தார் என்பதைப் பற்றி எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இதற்கு மாறாக நடந்த நல்லது ஒன்று 2010. வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் நூலகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் டிவி நாடகங்கள் இருப்பது தெரிய வந்தது. 50-களின் கடைசியிலிருந்து 60-கள் வரை அமெரிக்காவின் கல்வி ஒளிபரப்பு நிறுவனம் பிபிசியிடமும் ஐடிவியிடமும் நாடகங்களை வாங்கிப் போட்டிருக்கிறது. பின்னால் நியூயார்க் நிலையத்தின் சேகரிப்பு மொத்தமும் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. யாரும் திருடவில்லை, ஒளிக்கவில்லை, நூலகம் நூலகத்தின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. பிரிட்டனில் அவை அழிந்துபோனவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஷான் கானரி ஜேம்ஸ் பாண்ட் ஆவதற்கு முன்னால் 1960-ல் டோரதி டுட்டினோடு நடித்த ‘கொலோம்ப்’ அதில் இருந்தது. மேகி ஸ்மித்தும் ராபர்ட் ஸ்டீவன்ஸும் நடித்த 1967 ‘மச் அடூ அபவுட் நத்திங்’ இருந்தது. செய்தி போட்டவர்கள் எல்லாரும் கானரியின் படத்தைப் போட்டார்கள், அது பரவாயில்லை. எனக்கு அந்தப் பட்டியலில் பிடித்தது, யாரும் கேட்டறியாத தலைப்புகளும் அதே பெட்டிகளில் கூடவே வந்து சேர்ந்ததுதான்.

1961-ல் வந்த ‘ஏ ஃபார் ஆண்ட்ரோமெடா’வை இதே வரிசையில் வைப்பேன். வானியலாளர் ஃபிரெட் ஹாயிலும் ஜான் எலியட்டும் எழுதியது, ஜூலி கிறிஸ்டி என்ற புதுமுகம் நடித்தது. விண்வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் படித்தால் அது ஒரு கணினியைக் கட்டுவதற்கான செய்முறை, அந்தக் கணினி ஒரு பெண்ணை உருவாக்கச் சொல்கிறது. ஏழு எபிசோடுகள். 2005-ல் ஆறாவது எபிசோடு ஒரு சேகரிப்பிலிருந்து திரும்பி வந்தது. மற்றவற்றை கியூராவின் படங்களை வைத்துக் கோத்து அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். ஐந்து எபிசோடுகள் அசையாத முகங்களாகப் பார்த்துவிட்டு ஆறாவதில் ஜூலி கிறிஸ்டி எழுந்து நடப்பதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. தேடல் எதற்காக என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

மிச்சம் இருப்பவை, அப்படி ஏதும் மிச்சம் இருந்தால், பெரும்பாலும் தனியார் சேகரிப்பாளர்களிடம்தான் இருக்க வேண்டும். குப்பைக்குப் போன டப்பாவை எடுத்துப்போன ஊழியர்கள், அவர்களிடமிருந்து வாங்கியவர்கள், கை மாறிக் கை மாறி. 2004-ல் டாலெக் கதை ஒன்றின் எபிசோடைத் திருப்பிக் கொடுத்தவர் பிபிசியின் முன்னாள் பொறியாளர். 2011-ல் இரண்டு எபிசோடுகளைக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற டிவி பொறியாளர், 80-களில் ஒரு பள்ளிக்கூட விற்பனை விழாவில் வாங்கி வைத்திருந்தார். இவர்கள் தாமாக முன்வந்தவர்கள். முன்வராதவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. நகைச்சுவை நடிகர் பாப் மங்க்ஹவுஸ் பெரிய ஃபிலிம் சேகரிப்பாளர். 70-களின் கடைசியில் போலீஸ் அவர் வீட்டுக்குப் போய்ச் சேகரிப்பைப் பறிமுதல் செய்து, வழக்குப் போட்டு, 1979-ல் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. விடுதலையானது மற்ற சேகரிப்பாளர்கள் காதில் விழவில்லை, போலீஸ் வந்தது மட்டும்தான் விழுந்தது. அதற்குப் பிறகு பலர் வாயையே திறக்கவில்லை. அவர் 2003-ல் இறந்த பிறகு அவர் வைத்திருந்த பதிவுகளிலிருந்து எங்குமே இல்லாத நிகழ்ச்சிகள் கிடைத்தன.

அந்தத் தலைமுறை இப்போது எழுபது எண்பது வயதில் இருக்கிறது, இதுதான் இன்றைய அவசரம். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1993 முதல் ‘மிஸ்ஸிங் பிலீவ்டு வைப்டு’ என்ற பெயரில் தேடலும் திரையிடலும் நடத்துகிறது. கெலைடாஸ்கோப் என்ற அமைப்பு டாக்டர் ஹூ என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் தேடுகிறது. அவெஞ்சர்ஸ் எபிசோடை மீட்டது அவர்கள்தான். ‘ஃபிலிம் இஸ் ஃபேபுலஸ்’ என்றொரு அமைப்பு, வயதான சேகரிப்பாளர்களும் அவர்கள் குடும்பங்களும் பெட்டிகளைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் போய் உட்கார்ந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து எழுதிவைக்கிறது. எனக்கு இந்த வேலை மேல்தான் நம்பிக்கை அதிகம். குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் போகாமல், என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் கையில்தான் ஒற்றை நாடகங்களும் கிடைக்கும்.

இதை வாசிக்கிறவர்களில் லண்டனிலோ சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ இருப்பவர்களும் உண்டு. வீடு காலி செய்யும்போது, பழைய பொருள் கடையில், டிவி நிலையத்தில் வேலை பார்த்த மாமா வீட்டுப் பரணில் வட்டமான தகர டப்பா கண்ணில் பட்டால் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே ஃபிலிம் விரல் அகலத்துக்கு இருந்தால் 16 மில்லிமீட்டர். ஓரம் ஒரு பக்கம் மட்டும் ஓட்டை வரிசையும், மறு பக்கம் நெளிகிற வெள்ளைக் கோடும் இருந்தால் ஒலியோடு கூடிய பிரிண்ட். தலைப்பு டப்பாவில் இல்லாவிட்டாலும் ரீலின் ஆரம்பத்தில் கையால் எழுதியிருப்பார்கள். முதல் ஒரு முழத்தை மட்டும் மெதுவாகப் பிரித்து வெளிச்சத்தில் காட்டிப் படிக்கலாம். வினிகர் மாதிரி புளித்த வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து தள்ளி, குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மேலே சொன்ன அமைப்புகளில் ஒன்றுக்குத் தலைப்பை எழுதி அனுப்பினால் போதும், அவர்கள் பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பழைய ப்ரொஜெக்டரைத் தேடிப் பிடித்து ஓட்டிப் பார்க்க மட்டும் வேண்டாம். சுருங்கிப்போன ஃபிலிமின் ஓட்டைகள் பல்சக்கரத்தில் உட்காராது, கிழிந்துவிடும்.